இல்லாத பீரங்கி அணியின் கேப்டன்

பீரங்கிப் படையில் பார்க்கிறவன் சுடுவதில்லை, சுடுகிறவன் பார்ப்பதில்லை. பீரங்கி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும், எதிரி அந்தப் பக்கம் இருப்பான். நடுவில் ஒருவன் உயரமாக எங்காவது ஏறிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிப் போடு, கொஞ்சம் கிட்டப் போடு" என்று வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஏறிப் பார்க்கத்தான் எங்களுக்கு ஒரு விமானம் கொடுத்திருந்தார்கள். விமானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணியை இழுத்துப் போர்த்திச் சாயம் பூசியிருந்தார்கள். எதிர்க்காற்று பலமாக அடிக்கிற நாளில் கீழே ரோட்டில் போகும் சைக்கிள் அதை முந்திவிடும். நான் அதற்கு மெக்கானிக். பெயர் ஆர்லோ, பதவி சார்ஜண்ட்.

அதை ஓட்டியவர் லெப்டினன்ட் வெண்டல் டோர்சி. சண்டைக்கு முன்னால் அமெரிக்காவில் கன்சாஸ் பக்கத்துத் திருவிழாக்களில் ஆட்களை ஏற்றி வானத்தில் ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடுவது அவர் தொழில். ஏறியவர்கள் வாந்தி எடுக்காமல் இறங்கினால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அடிக்குரலில் பாடுவார். யாரையும் சுட வேண்டும் என்று அவர் கனவிலும் நினைத்ததாகத் தெரியவில்லை.

நாற்பத்து நான்காம் வருஷம், இலைகள் உதிர ஆரம்பித்திருந்த நேரம். பிரான்ஸின் கிழக்குக் கோடியில் மழையும் சேறுமாக எங்கள் டிவிஷன் நின்றுபோயிருந்தது. பெட்ரோல் வரவில்லை, பீரங்கிக் குண்டும் சரியாக வரவில்லை. வெர்னாக் என்ற ஊரில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாவு மில். அதைக் கேப்டன் ரூனியின் காலாட்படைக் கம்பெனி பிடித்து வைத்திருந்தது. மில்லுக்கு எதிரே ஓடைப் பாலம், ஓடைக்கு அப்பால் காடு, காட்டுக்குள் ஜெர்மன் டாங்கிகள். அந்தக் கம்பெனியில்தான் என் தம்பி க்ளெம் இருந்தான். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் முக்கியம். அம்மாவுக்கு நாங்கள் இரண்டே பேர்.

தினமும் காலையில் டோர்சி மில்லின் மேல் பறப்பார். கம்பெனிக்காரர்கள் துவைத்துப் போட்ட காலுறையை எடுத்து ஆட்டுவார்கள். அவர் காட்டோரம் போய்ப் பார்த்து, "டாங்கி நிக்குது, நாலு குண்டு போடுங்க" என்று கேட்பார். "இன்னைக்குக் குண்டு தீந்துபோச்சு, நாளைக்குப் பாக்கலாம்" என்று பதில் வரும்.

ஒருநாள் இறங்கியதும் தொப்பியைத் தரையில் அடித்தார்.

"தெனமும் போய் வேடிக்கை பாத்துட்டு வர்றேன் ஆர்லோ. சினிமாவுக்குப் போறவன்கூடக் கையில ஏதாச்சும் கொண்டுபோறான். நான் வெறுங்கையோட போறேன்."

"என்ன கொண்டுபோகணும்ங்கிறீங்க?"

"பசூக்கா."

பசூக்கா என்றால் காலாட்படைக்காரன் தோளில் வைத்து டாங்கியைச் சுடுகிற ராக்கெட் குழாய். ஊர்க்காரர்கள் கொடுத்த ஆப்பிள் சாராயம் எங்களிடம் கொஞ்சம் இருந்தது. அதைக் காலாட்படைக்காரர்களிடம் கொடுத்து ஆறு குழாய்கள் வாங்கினோம். இறக்கைக்கு மூன்றாக நான் கட்டிவிட்டேன், விமானிக்குக் கை எட்டும் இடத்தில் ஸ்விட்சும் வைத்தேன். கல்யாண வண்டிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியது போல இருந்தது. ஆனால் பறந்தது.

இரண்டாவது நாளே விமானப்படையிலிருந்து மேஜர் பிங்க்னி வந்துவிட்டார். அந்தச் சேற்றிலும் அவர் கையுறை வெள்ளையாகவே இருந்தது.

"சுடற விமானம்னா அது எங்களுது," என்றார். "சுடாத விமானம்னா பீரங்கிப் படைக்குது. இப்படித்தான் பிரிச்சுக் கொடுத்திருக்கோம். இது இப்ப எங்களுது."

"எடுத்துக்கோங்க சார்," என்றார் டோர்சி. "ஆனா நாளைக்குக் காலையில மில்லு மேல யாராச்சும் பறக்கணும்."

"அப்படியெல்லாம் உடனே முடியாது. எங்க விமானம்னா கான்கிரீட் ஓடுபாதை வேணும். பத்தாயிரம் அடிக்குக் கீழ சண்டைக்குப் போகக் கூடாது. விமானிக்கு ஆக்ஸிஜன் வேணும்."

"நான் மரத்து உசரத்துல பறக்கறேன் சார். அங்க ஆக்ஸிஜன் ஏற்கெனவே இருக்கு."

மேஜர் விமானத்தைச் சுற்றி வந்தார். ஒரு விரலால் துணியைத் தட்டிப் பார்த்தார். இதைத் தன் படையில் சேர்த்துக்கொண்டு நண்பர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை அவர் கண்ணில் நன்றாகவே தெரிந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"இது ஆயுதம் இல்லாத விமானம்தான். இந்தக் குழாய் எல்லாம் லக்கேஜ். பயணத்துல லக்கேஜ்லேர்ந்து ஏதாச்சும் நழுவிக் கீழ விழுந்தா, அதுக்கு விமானப்படை பொறுப்பில்ல. போற வழியில எதிரி நின்னா அது அவனோட அஜாக்கிரதை."

மிகவும் திருப்தியாக ஜீப்பில் ஏறிப் போனார்.

அடுத்து எங்கள் கர்னல் ஹாலோவே வந்தார். பீரங்கிப் படையிலேயே பிறந்து வளர்ந்தவர் போலப் பேசுவார். அவருக்குக் குழாய்கள் பிடித்திருந்தன. அவை இருந்த இடம்தான் பிடிக்கவில்லை.

"லெப்டினன்ட், ஆறு குழாய் இருக்கு. ஆறு குழாய்னா அது ஒரு பீரங்கி அணி. அணின்னா அதுக்கு ஒரு அணித் தலைவர் வேணும். யாரு?"

"நான்தான் சார் ஸ்விட்ச்சைப் போடறேன்."

"நீங்க பார்வையாளர். பார்வையாளர் சுடக் கூடாது. தான் சுட்டதைத் தானே பாத்து 'பிரமாதம்'னு சொல்லிக்கிட்டா அப்புறம் ஒழுக்கம் எங்கேர்ந்து வரும்? பாத்துச் சுடறதுக்கு எவன் வேணா போதும். பாக்காம சுடறதுக்குத்தான் படிப்பு வேணும்."

"அப்போ ரெண்டாவது ஆளை ஏத்திக்கட்டுமா சார்?"

"ஏறுமா?"

"குழாய் கட்டினப்புறம் ஏறாது சார். நானே மதியச் சாப்பாட்டைக் குறைச்சுட்டேன்."

கர்னல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அவர் யோசிக்கும்போது யாரும் இருமக் கூடாது. பிறகு உத்தரவு வந்தது: டோர்சி பார்வையாளராக வயர்லெஸ்ஸில் அணியைக் கூப்பிட வேண்டும். அணித் தலைவராகத் தானே பதில் சொல்ல வேண்டும். சுடும்படி கேட்க வேண்டும். சுட்டதாகச் சொல்ல வேண்டும். எங்கே விழுந்தது என்று பார்வையாளர் சொல்ல, அணித் தலைவர் நன்றி சொல்ல வேண்டும்.

"இன்னொரு விஷயம்," என்றார் கர்னல். "முதல் குண்டு இலக்கைத் தாண்டி விழணும். ரெண்டாவது அவனுக்கு முன்னாடியே குறைவா விழணும். அப்பத்தான் எதிரி நடுவுல இருக்கான்னு நிரூபணம் ஆகும். அதுக்கப்புறம்தான் அவன் மேல போடணும். முந்நூறு வருஷமா இப்படித்தான்."

"சார், நான் அவன் தலைக்கு மேலயே இருப்பேன். அவன் தொப்பி தெரியும்."

"தொப்பி தெரியறது நிரூபணம் இல்ல, லெப்டினன்ட். அது உங்க அபிப்பிராயம்."

மறுநாள் டோர்சி கிளம்பினார். நான் தரையில் வயர்லெஸ் பெட்டியில் காது வைத்திருந்தேன். காட்டோரத்தில் ஒரு ஜெர்மன் லாரி நின்றது.

"அணி, அணி, பார்வையாளர் பேசறேன். லாரி ஒண்ணு நிக்குது. சுடணும்."

பிறகு சர்ச்சில் பாடுகிற அடிக்குரல்: "பார்வையாளர், அணி பேசறேன். சொன்னது கேட்டுது. ஒண்ணு சுடறோம்."

முதல் ராக்கெட் தாண்டிப் போய்க் குளத்தில் விழுந்தது. பார்வையாளர் அதைச் சொன்னார், அணித் தலைவர் நன்றி சொன்னார். இரண்டாவது முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தது. அதற்கும் நன்றி சொல்லப்பட்டது. இந்த மரியாதையெல்லாம் முடிவதற்குள் லாரிக்காரன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கர்னலுக்குப் பரம சந்தோஷம். எதிரி நடுவில்தான் இருந்தான் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டது.

இப்படியே ஒரு வாரம் போயிற்று. கர்னல் தன் கூடாரத்தில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸை ஆசையாகக் கேட்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார்ஜண்ட், அந்த அணித் தலைவர் இருக்காரே, நல்ல நிதானமான ஆளு. டோர்சிதான் கொஞ்சம் பதறறான்." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்கிற முகம் அது இல்லை.

அதோடு நின்றிருந்தால் நாங்கள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். ஆனால் டிவிஷன் தலைமையகத்தில் ஒட்டுக் கேட்கிற பிரிவு ஒன்று இருந்தது. காற்றில் வரும் குரல் எல்லாவற்றையும் கேட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் ஊசி குத்துவது அவர்கள் வேலை. மில் பக்கம் ஒரு புதிய பீரங்கி அணி முறையாகப் பேசுவது அவர்கள் காதில் விழுந்தது. ஊசியைக் குத்திவிட்டார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்ப்பது அவர்கள் பிரிவின் வேலை இல்லை. ஒரு மில்லுக்கு இரண்டு அணி எதற்கு என்று மேலே யாரோ கேட்டார்கள்.

அன்று மதியம் எங்கள் நிஜமான பீரங்கிகள் சேற்றில் இழுபட்டுப் போவதைப் பார்த்தேன். ஓடிப் போய் வண்டிக்காரனை நிறுத்தினேன்.

"எங்கடா போறீங்க?"

"தெக்க அனுப்பறாங்க. உங்களுக்குத்தான் புது அணி வந்திருக்காமே. ஜோரா சுடறாங்களாம்."

மில்லில் இருக்கும் என் தம்பிக்கும் காட்டில் இருக்கும் டாங்கிகளுக்கும் நடுவில் இனி ஒரு துணி விமானமும் ஒரு சர்ச் பாட்டுக்காரரும்தான். நேராகக் கர்னலிடம் ஓடினேன்.

"சார், அப்படி ஒரு அணியே இல்ல சார். உங்களுக்கே தெரியும். நீங்கதான் சார் உண்டாக்கினீங்க."

"படத்துல ஊசி இருக்கு, சார்ஜண்ட்."

"ஊசியைப் பிடுங்கச் சொல்லுங்க சார்!"

"நான் எப்படிச் சொல்றது? அணி எங்க இருக்கு, எங்க இல்லைங்கிறதை அந்த அணித் தலைவர்தான் சொல்லணும். அதான் முறை."

டோர்சியிடம் சொன்னேன். அவர் உடனே விமானத்தில் ஏறி உட்கார்ந்து, தரையில் இருந்தபடியே தலைமையகத்தைக் கூப்பிட்டார். அடிக்குரலில் பேசினார்.

"தலைமையகம், அணித் தலைவர் பேசறேன். நாங்க இல்ல. திரும்பச் சொல்றேன், நாங்க இல்ல."

பதில் உடனே வந்தது. "அணி, உங்க குரல் ரொம்பத் தெளிவாக் கேக்குது. இல்லாதவங்க இவ்வளவு தெளிவாப் பேச மாட்டாங்க. எதிரிக்குத் தெரியாம இருக்கணும்னு சொல்றீங்கன்னு எடுத்துக்கறோம். நல்ல எச்சரிக்கை. அப்படியே இருங்க."

டோர்சி தலையை ஸ்விட்ச் பலகையில் சாய்த்துக்கொண்டார். "ஆர்லோ, நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு," என்றார்.

இரண்டு நாள் மூடுபனி. மூன்றாம் நாள் காலையில் பனி விலகியபோது டாங்கிகள் காட்டைவிட்டு வெளியே வந்திருந்தன. மில்லிலிருந்து கேப்டன் ரூனியின் குரல் வயர்லெஸ்ஸில் அலறியது.

"டாங்கி வருது! பாலத்துக்கு வந்துட்டான்! அந்தப் புது அணி எங்க? சுடச் சொல்லுங்கய்யா!"

டோர்சி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவருக்கு ஜலதோஷம் வேறு. நான் விமானத்தின் முன்விசிறியைக் கையால் சுழற்றிவிட்டேன். "சார், முதல் குண்டு, ரெண்டாவது குண்டு எல்லாம் வேண்டாம் சார். என் தம்பி அங்க இருக்கான்," என்றேன். விமானம் சேற்றில் துள்ளித் துள்ளி எழும்பிப் போயிற்று.

வயர்லெஸ் பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டேன்.

"அணி, அணி, பார்வையாளர் பேசறேன். டாங்கிங்க பாலத்துல. சுடணும்."

"பார்வையாளர், அணி தயார். ஒண்ணு சுடறோம்."

வெடிச் சத்தம் வரவில்லை.

"அணி, தாண்டி விழுந்துது." ஒரு தும்மல். "கிட்டப் போடுங்க."

"மன்னிக்கணும். கிட்டப் போடறோம்."

அப்போதும் வெடிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீணாக்க வேண்டிய இரண்டையும் மனுஷன் வாயாலேயே சுட்டுக்கொண்டிருந்தார்.

"குறைவா விழுந்துது. எதிரி நடுவுல இருக்கான், அணி. நடுவுலதான் இருக்கான். ரெண்டாவது அணியும் தயாரா?"

புதிதாக ஒரு மூக்குக் குரல்: "ரெண்டாவது அணி தயார்."

"மூணாவது?"

கிழக்குரல் ஒன்று, எரிச்சலாக: "மூணாவதும் தயார்தான். சீக்கிரம் சொல்லித் தொலைங்க."

"எல்லாரும் சேந்து சுடுங்க!"

இந்த முறை வெடித்தது. ஒன்று வயலில் விழுந்தது, ஒன்று தண்ணீரில். மூன்றாவது ராக்கெட் முன்னால் வந்த டாங்கியின் சங்கிலிச் சக்கரத்தில் பட்டு, அது பாலத்தின் வாயிலேயே குறுக்காகத் திரும்பி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு வழியில்லை. மிச்சமிருந்ததையும் போட்டுத் தீர்த்துவிட்டு, காலிக் குழாய்களோடு அவர் மறுபடி மறுபடி தாழ இறங்கினார். மூன்று அணித் தலைவர்களும் மாறி மாறி, "அடுத்த சுற்று தயார், அடுத்த சுற்று தயார்" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மன்காரனும் ஒட்டுக் கேட்கிறவன்தான். அவனும் ஊசி குத்துகிறவன்தான். டாங்கிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிக் காட்டுக்குள் போயின.

டோர்சி இறங்கியபோது துணியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். இறக்கைக்கு அடியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன்.

"மூணாவது அணித் தலைவர் யாரு சார்?" என்றேன்.

"என் மாமனார்," என்றார். காற்றுதான் வந்தது; தொண்டை முழுக்கப் போய்விட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சிறிது நேரத்தில் கர்னல் வந்தார். முகம் பூரித்திருந்தது.

"முறை! முறைதான் ஜெயிச்சுது. தாண்டி ஒண்ணு, குறைவா ஒண்ணு, அப்புறம் நடுவுல. நான் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். முதல் அணித் தலைவரைக் கேப்டனா உயர்த்தச் சொல்லி எழுதிட்டேன். மத்த ரெண்டு பேரும் யாருன்னு விசாரிக்கணும். மூணாவது ஆளு மரியாதை தெரியாதவன்."

டோர்சி எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"நீங்க பேச வேண்டாம், லெப்டினன்ட். நடவடிக்கை நடுவுல தும்மறீங்க. அதுக்கு அணித் தலைவர் மன்னிப்புக் கேக்க வேண்டியிருக்கு. உங்களைக் கண்டிச்சு ஒரு வரி எழுதியிருக்கேன். அந்தக் குரல்கிட்ட நிதானம் கத்துக்கோங்க."

மேஜர் பிங்க்னியும் செய்தி அனுப்பியிருந்தார். லக்கேஜைக் கவனமாகக் கட்டாத மெக்கானிக் யார் என்று கேட்டிருந்தார்.

தலைமையகத்தில் இன்னும் இரண்டு ஊசி குத்தினார்கள். மூன்று அணிகளின் துணையுள்ள கம்பெனி ஒரு மில்லில் சும்மா உட்கார்ந்திருப்பதா? மறுநாள் காலையில் காட்டைத் தாண்டி மேட்டுக்கு ஏற ரூனியின் கம்பெனிக்கு உத்தரவு வந்துவிட்டது.

அன்று மாலை க்ளெம் ஆற்றைக் கடந்து என்னைப் பார்க்க வந்தான். தாடி வளர்ந்து, மாவு படிந்து, என் தம்பி உயிரோடு என் முன்னால் நின்றான். கட்டிப் பிடித்துவிட்டு அவனிடம் உண்மையைச் சொல்லிவிடத் துணிந்தேன்.

"டேய், கேளு. உங்களோட மூணு அணி வருதுன்னு சொல்லியிருப்பாங்க. அது வந்து..."

"தெரியும் ஆர்லோ."

"என்ன தெரியும்?"

"எங்ககிட்டயும் வயர்லெஸ் இருக்குல்ல. பார்வையாளர் தும்மறாரு, அணி மன்னிப்புக் கேக்குது. எங்களுக்கு என்ன, காது கேக்காதா? இன்னைக்கு மட்டுமில்ல, முதல் நாளே தெரியும்."

"ரூனிக்கு?"

"அவருகிட்ட சொல்லல. பாவம், அவராச்சும் தைரியமா இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

அவன் இறக்கையின் அடியில் தூங்கிக்கொண்டிருந்த டோர்சியைப் பார்த்தான். கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தது.

"தொண்டை போயிடுச்சாமே?"

"ஒரு வார்த்தை வரல."

க்ளெம் தோள்பையைத் திறந்து ஒரு காலுறையை வெளியே எடுத்தான். முழங்கால் வரை வருகிற நீளக் காலுறை. அது நிறைய எலுமிச்சை மிட்டாய். ரேஷன் பொட்டலத்தில் ஆளுக்குக் கொஞ்சம் வருமே, அது.

"கம்பெனில எல்லாரும் போட்டது. ஒருத்தரும் தின்னல," என்றான். "எழுந்ததும் குடு. காலையில அவருக்குக் குரல் வந்தாகணும் ஆர்லோ."